நைக்கி லோகோவை வரைந்த மாணவி: ஒரு நிகழ்வு ஆய்வு

கிராஃபிக் டிசைன் படிக்கிற யாருக்கும் கரோலின் டேவிட்சன் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. முதல் வருடம் லோகோ பாடம் தொடங்கும்போதே வகுப்பில் வந்துவிடும்: உலகத்துக்கே தெரிந்த நைக்கி ஸ்வூஷை, அதாவது டிக் குறிபோல வளைந்த அந்த லோகோவை, ஒரு கல்லூரி மாணவி 35 டாலருக்கு வரைந்தார். கேட்டதும் வகுப்பு இரண்டாகப் பிரியும். 'நல்லா ஏமாத்திட்டாங்க' என்று ஒரு பக்கம், 'அந்தப் பெயர் ஒன்று போதாதா' என்று இன்னொரு பக்கம். எனக்கு இரண்டு பக்கமும் ஒட்டவில்லை. இறுதியாண்டில், வேலை கேட்கும்போது காட்டும் தொகுப்பான போர்ட்ஃபோலியோவைத் தயாரிக்க உட்கார்ந்தபோது இந்தக் கதையை வேறொரு கேள்வியோடு மறுபடி எடுத்தேன். 1971இல் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வந்த அந்தப் பெண்ணிடம், அடுத்த வேலை கேட்டுப் போவதற்கு என்ன இருந்தது?

லோகோவைப் பற்றி எழுத எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். நான் பார்க்கப்போவது அதை வரைந்தவரின் தொழில் வாழ்க்கையை: வேலை எப்படி வந்தது, கூலி எப்படிப் பேசப்பட்டது, அப்புறம் என்ன ஆனது, அவர் பெயர் எப்போது வெளியே வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க நடுவில் இன்னும் சிலர் வருவார்கள்.

தாழ்வாரத்தில் வந்த வேலை

ஊர் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லண்ட். போர்ட்லண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டேவிட்சன் முதலில் சேர்ந்தது இதழியலுக்கு. காலியாக இருந்த ஒரு விருப்பப் பாடத்தை நிரப்ப டிசைன் எடுத்தவர், அந்தப் பக்கமே மாறிவிட்டார். (விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன் வகுப்புகளில் பாதிப் பேரின் கதையும் ஏறக்குறைய இதுதான். சின்ன வயதிலிருந்தே டிசைனர் ஆகணும்னு கனவு என்று 'என்னைப் பற்றி' பக்கத்தில் எழுதுவது பிற்பாடு வருவது.)

அதே பல்கலைக்கழகத்தில் கணக்கியல் சொல்லிக்கொடுத்தவர் பில் நைட். ஓட்டப் பயிற்சியாளர் பில் போவர்மனுடன் சேர்ந்து 1964இல் ப்ளூ ரிப்பன் ஸ்போர்ட்ஸ் என்ற சின்ன கம்பெனியை (பின்னாளில் நைக்கி ஆனது இதுதான்) தொடங்கி, ஜப்பானின் ஒனிட்சுகா டைகர் ஷூக்களை வரவழைத்து விற்றுக்கொண்டிருந்தார். வியாபாரத்தில் வரும் காசு வியாபாரத்துக்கே போய்விடும். வீட்டுச் செலவுக்கு வாத்தியார் வேலை. ஒருநாள் கல்லூரித் தாழ்வாரத்தில், ஆயில் பெயின்டிங் வகுப்புக்குச் சாமான் வாங்கப் பணம் இல்லை என்று ஒரு மாணவி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது. தன் கம்பெனிக்குக் கொஞ்சம் வரைகலை வேலை செய்து தர முடியுமா என்று கேட்டார். கூலி மணிக்கு 2 டாலர்.

இந்த 2 டாலரைக் குறைவு என்று நினைக்கத் தோன்றும். அன்று அமெரிக்காவின் தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1.60 டாலர். படிக்கிற ஒருவருக்குப் பகுதிநேர வேலைக்கு அது மோசமான விலை இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் தந்த வேலை லோகோ இல்லை என்பதுதான் என்னை நிறுத்தியது. ஜப்பானிலிருந்து வந்தவர்களுடன் நைட் நடத்திய சந்திப்புகளுக்குத் தேவையான சார்ட்டுகள், வரைபடங்கள். விற்பனை ஏறியதைக் காட்டும் கோடுகள், கட்டங்கள். எந்தப் போர்ட்ஃபோலியோவின் முதல் பக்கத்திலும் யாரும் வைக்காத வேலை. ஆனால் நைட் அவரை நம்பியது அந்த வேலையால்தான். சொன்ன நாளில் கொண்டுவந்து தருகிறார், கணக்கு புரிகிறது, கேட்டதை வரைகிறார். பிறகு ஒரு பெரிய தேவை வந்தபோது அவர் விளம்பரம் கொடுத்து ஆள் தேடவில்லை. நாலு பேரிடம் சாம்பிள் கேட்கவில்லை. ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தவரைக் கேட்டார்.

பெர்சனல் பிராண்டிங் என்று எங்களுக்கு நடத்தும் பாடத்தில் பாதி நேரம் போவது சொந்த லோகோ, சொந்த வண்ணத் தட்டு, விசிட்டிங் கார்டு, இன்ஸ்டாகிராம் கட்டங்கள் ஒரே சீராக இருப்பது ஆகியவற்றில்தான். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. டேவிட்சனிடம் இவற்றில் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அவருடைய பிராண்ட் என்று ஒன்று இருந்தால், அது ஒரே ஒரு கிளையன்ட்டின் தலைக்குள் இருந்தது.

ஒரு கோடு வேண்டும்

1971இல் ஒனிட்சுகாவுடன் உறவு கெட்டுப்போய்க்கொண்டிருந்தது. சொந்தமாக ஷூ செய்து விற்க நைட் முடிவெடுத்தார். மெக்சிகோவில் ஒரு தொழிற்சாலை தயார். ஷூவின் பக்கத்தில் வைக்க ஓர் அடையாளம் வேண்டும். அந்தத் தொழிலில் அதற்கு ஸ்ட்ரைப் என்று பேர். அடிடாஸின் மூன்று கோடுகள் ஷூவின் பக்கத்தை இறுக்கிப் பிடிக்கும் பட்டைகளாகத் தொடங்கி, அப்புறம் அடையாளமாக நிலைத்தவை. ஆகவே பக்கத்துக் கோடு என்பது ஏற்கெனவே ஒரு போட்டிக் களம்.

பிரீஃப், அதாவது என்ன வேண்டும் என்று கிளையன்ட் சொன்ன குறிப்பு, இரண்டு வரிதான். அசைவு தெரிய வேண்டும். அடிடாஸ், பூமா, ஒனிட்சுகா ஆகியவற்றின் சாயல் இருக்கக் கூடாது. ஒரு மாணவிக்குக் கிடைத்த பிரீஃப் என்ற வகையில் இது நல்ல பிரீஃப். எது வேண்டும் என்பதும் எது கூடாது என்பதும் இருக்கிறது. 'கொஞ்சம் கிளாஸா, ஆனா மாஸா' என்று கேட்கும் கிளையன்ட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

டேவிட்சன் செய்ததில் எனக்கு மிகப் பிடித்த விவரம், அவர் வரைந்த தாள். ஷூவின் படத்தைக் கீழே வைத்து, அதன் மேல் மெல்லிய டிஷ்யூ தாளைப் போட்டு, அதில் கோடுகளை முயன்று பார்த்தார். அதாவது அடையாளம் கடைசியில் எங்கே போய் உட்காருமோ அந்த இடத்திலேயே வரைந்தார். குதிகாலிலிருந்து முன்னால் வந்து வளையும் அந்த வடிவத்தைத் தனியாக எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தால் ஒரு டிக் குறிபோல இருக்கும். ஷூவின் பக்கத்தில் வைத்தால்தான் அது ஓடுகிறது. இன்று நாங்கள் இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளின் வெள்ளை ஆர்ட்போர்டில் லோகோவை முடித்துவிட்டு, கடைசியில் மாக்கப்பில் (பொருளின் மேல் எப்படி இருக்கும் என்று காட்டும் படத்தில்) ஒட்டுகிறோம். அவர் மாக்கப்பில் தொடங்கியிருக்கிறார்.

சில மாதிரிகளைக் கொண்டுபோய்க் காட்டினார். நைட், கம்பெனியில் அவரோடு வேலை செய்த ஜெஃப் ஜான்சன், பாப் வுடெல் ஆகிய மூவர் பார்த்தார்கள். யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. ஸ்வூஷைத் தேர்ந்தெடுத்தபோது நைட் சொன்னது, எனக்கு இது ரொம்பப் பிடிக்கவில்லை, போகப்போகப் பிடிக்கலாம் என்ற அளவில்தான். இன்னும் கொஞ்சம் சரிசெய்ய நேரம் வேண்டும் என்று டேவிட்சன் கேட்டார். தொழிற்சாலை காத்திருந்தது, நேரம் கிடைக்கவில்லை. அந்த ஜூன் மாதத்தில் குறி பயன்பாட்டுக்கு வந்தது. 1974 ஜனவரியில் வணிகக் குறியாகப் பதிவானது. வரைந்தவரே முடியவில்லை என்று நினைத்த ஒரு வரைவு உலகம் முழுக்கப் போனது.

இதில் ஒரு கிளைக்கதை. ஸ்வூஷ் என்பது கிரேக்க வெற்றித் தேவதை நைக்கியின் சிறகு என்று எல்லா இடத்திலும் படிக்கலாம். ஆனால் நைட் சொல்லும் வரிசையில் லோகோ முதலில் வருகிறது; பெயர் அதற்குப் பின்பு. கம்பெனியின் புது ஷூவுக்கு நைட் வைக்க நினைத்த பெயர் டைமென்ஷன் சிக்ஸ். நைக்கி என்ற பெயர் ஜான்சனுக்குக் கனவில் தோன்றியது என்பார்கள். அப்படியானால் தேவதையின் சிறகு என்ற விளக்கம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம். எங்கள் வகுப்பில் வடிவத்துக்கு விளக்கமாகக் கான்செப்ட் நோட் எழுதுவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. வடிவம் கையில் வந்துவிடும். அப்புறம் அதற்குள் மயிலையும் உதயசூரியனையும் கண்டுபிடிப்போம். நேர்காணலில் உட்கார்ந்திருக்கும் அனுபவசாலிக்கு இது உடனே தெரிந்துவிடும். பக்கத்துக் கோடு, அசைவு, மூன்று போட்டிக் கம்பெனிகள், மெக்சிகோ கெடு என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாலே அது நல்ல கேஸ் ஸ்டடி. சிறகு தேவையில்லை.

கூலிக் கணக்கு

டேவிட்சன் அனுப்பிய பில் 35 டாலர். மணிக்கு 2 டாலர் என்று வகுத்தால் பதினேழரை மணி நேரம். உண்மையில் அதைவிட அதிக நேரம் ஆனது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். இன்றைய விலைவாசியில் அந்த 35 டாலர் சுமார் 270 டாலருக்கு வரும்.

அவர் பேசிய விலை மணிக்கணக்கில். சார்ட் வரைவதற்கு மணிக்கணக்கு சரி. எவ்வளவு நேரம் உட்கார்ந்தாயோ அவ்வளவு கூலி. லோகோவுக்கும் அதே கணக்கு அப்படியே தொடர்ந்தது. வேலையின் தன்மை மாறியபோது விலை பேசும் முறை மாறவில்லை. இதை யாருடைய சூழ்ச்சி என்றும் சொல்ல முடியாது. 1971இல் அந்தக் கம்பெனி நாளைக்கு இருக்குமா என்றே தெரியாத நிலை. நைட்டுக்கும் அது ஒரு ஷூவின் கோடு, டேவிட்சனுக்கும் அது ஒரு ஷூவின் கோடு.

இதன் எதிர்முனையில் ஒரு விலை இருக்கிறது. 1986இல் ஸ்டீவ் ஜாப்ஸ் தன் புதுக் கம்பெனி நெக்ஸ்ட்டுக்கு லோகோ கேட்டு பால் ராண்டிடம் போனார். ஐபிஎம், யூபிஎஸ், ஏபிசி லோகோக்களைச் செய்தவர் ராண்ட். விலை 1,00,000 டாலர். சில ஆப்ஷன்கள் தர முடியுமா என்று ஜாப்ஸ் கேட்டதற்கு, முடியாது, உன் பிரச்சினையை நான் தீர்த்துத் தருவேன், நீ பணம் கொடு, பிடித்தால் வைத்துக்கொள் என்ற பொருளில் ராண்ட் பதில் சொன்னதை ஜாப்ஸே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். ராண்ட் கொடுத்தது ஒரே லோகோ. அதோடு, அந்த வடிவத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதைப் படிப்படியாகக் காட்டும் ஒரு சின்னப் புத்தகம்.

அந்தப் புத்தகம்தான் விஷயம். ராண்ட் வாங்கிய பணத்தில் பாதி அந்த விளக்கத்துக்கு என்று தாராளமாகச் சொல்லலாம். ஏன் சிறிய எழுத்து, ஏன் சாய்வு, ஏன் இந்த நிறங்கள் என்று ஒவ்வொரு முடிவும் வரிசையாக வரும். கடைசிப் பக்கத்தைத் திருப்பும்போது வேறு ஆப்ஷன் கேட்கத் தோன்றாது. நெக்ஸ்ட் கம்பெனியை 1997இல் ஆப்பிள் வாங்கிக்கொண்டது. அந்த லோகோவும் புழக்கத்திலிருந்து போய்விட்டது. லட்சம் டாலர் லோகோ மறைந்து, 35 டாலர் லோகோ நிலைத்தது. லோகோவின் ஆயுளுக்கும் அதன் விலைக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

ராண்டுக்குப் பல பத்தாண்டு அனுபவம் இருந்தது, ஒரு மாணவியை அவரோடு ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். விலையில் ஒப்பிடுவது நியாயமில்லைதான். ஆனால் எப்படி வந்து சேர்ந்தேன் என்று பத்துப் பக்கத்தில் எழுதி இணைக்க அனுபவம் தேவையில்லை. எங்களால் இன்றைக்கே முடிகிற ஒன்று அது.

பிறகு நடந்தது

இந்தக் கதையை 35 டாலரோடு நிறுத்திவிடுவது வழக்கம். டேவிட்சன் அங்கே நிற்கவில்லை. அதே கம்பெனிக்கு விளம்பரங்கள், போஸ்டர்கள், பிரசுரங்கள், கேட்டலாக் என்று இன்னும் சில ஆண்டுகள் வேலை செய்தார். 1972இல் யூஜீன் நகரில் நடந்த ஒலிம்பிக் தகுதிப் போட்டிகளில் ஸ்வூஷ் போட்ட ஷூக்கள் முதன்முதலாக ஓடுதளத்தில் பலர் கண்ணில் பட்டன. கம்பெனி வளர வளர, ஒரு தனி டிசைனரால் தாங்க முடியாத அளவுக்கு வேலை பெருகியது. 1970களின் நடுவில் வேலை ஒரு விளம்பர நிறுவனத்துக்குப் போனது. டேவிட்சன் மற்ற கிளையன்ட்டுகளுக்கு ஃப்ரீலான்ஸ் செய்யப் போனார்.

வளர்கிற கிளையன்ட் ஒருகட்டத்தில் நம்மைத் தாண்டிப் போய்விடும். சின்னக் கடைகளுக்கு டிசைன் செய்துகொடுக்கிற எங்களில் பலருக்கு இதுதான் நடக்கும். கடை இரண்டாவது கிளை திறந்ததும் ஏஜென்சி வரும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அந்த நாள் வரும்போது, இதுவரை செய்தது இவையெல்லாம் என்று காட்டுகிற மாதிரி நம் பக்கம் ஏதாவது பதிவு இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

1983 செப்டம்பரில் நைட் அவரை ஒரு விருந்துக்கு அழைத்தார். ஸ்வூஷ் வடிவத்தில் வைரம் பதித்த தங்க மோதிரமும், ஒரு சான்றிதழும், கம்பெனியின் பங்குகளும் கொடுத்தார். பங்குகள் 500 என்று பின்னாளில் நைட் சொன்னார். கம்பெனி 1980இலேயே பங்குச் சந்தைக்கு வந்துவிட்டது. பிற்காலத்தில் அந்தப் பங்குகள் பலமுறை பிரிந்து பெருகின, ஆகவே அது சின்னத் தொகை இல்லை. வகுப்பில் கதையை முடிக்கும்போது இதைச் சொன்னால் எல்லாருக்கும் நிம்மதி வந்துவிடும், நியாயம் கிடைத்துவிட்டது என்று.

எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. அது பரிசு, ஒப்பந்தம் இல்லை. நைட் கொடுக்காமல் இருந்திருந்தாலும் டேவிட்சன் கேட்க வழியில்லை. 12 வருடம் கழித்து ஒருவர் மனது வைத்ததால் வந்ததை ஒரு தொழில்முறை ஏற்பாடாகச் சொல்லி மாணவர்களை அனுப்புவது சரியாகப் படவில்லை. அதே சமயம் தன் வாழ்க்கையைப் பற்றி டேவிட்சன் கசப்பாகப் பேசியதாக நான் எங்கும் படித்ததில்லை. அவருக்காக நாம் கோபப்படுவதில் அவருக்கு எந்தப் பயனும் இல்லை.

ஒளித்துவைத்தவரும் ஒரே நாளில் தெரிந்தவரும்

ஏறக்குறைய அதே நேரம், அதே அமெரிக்காவில் இன்னொரு மாணவர். 1970இல் முதல் பூமி தினத்தை ஒட்டி, சிகாகோவின் கன்டெய்னர் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற அட்டைப்பெட்டிக் கம்பெனி மாணவர்களுக்கு ஒரு போட்டி வைத்தது. மறுசுழற்சிக்கு ஒரு குறி வேண்டும். 500க்கும் மேற்பட்ட வரைவுகள் வந்தன. வென்றவர் 23 வயது கேரி ஆண்டர்சன், தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை மாணவர். ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகள். இன்று ஒவ்வொரு தண்ணீர் பாட்டிலின் அடியிலும் அதன் ஏதோ ஒரு வடிவம் இருக்கிறது. குறி பொதுச்சொத்தாக விடப்பட்டது.

ஆண்டர்சன் அதை என்ன செய்தார்? நகரத் திட்டமிடலில் வேலை தேடியபோது இந்தப் பரிசைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. தன்னை ஒரு கிராஃபிக்ஸ் ஆள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் என்று பல ஆண்டுகள் கழித்துச் சொல்லியிருக்கிறார். உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வேலையைத் தன் விண்ணப்பத்தில் அடக்கி வாசித்தவர்! முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் செய்தது கூர்மையான காரியம். போக விரும்பிய திசைக்கு உதவாத வேலை எவ்வளவு பிரபலமாக இருந்தாலும் முன்னால் வைக்க வேண்டியதில்லை என்று தெரிந்திருக்கிறது. பிறகு அவர் திட்டமிடலிலேயே நெடுங்காலம் வேலை செய்தார்.

மூன்றாமவர் நம் ஊர்க்காரர். கள்ளக்குறிச்சியில் பிறந்த டி. உதயகுமார், அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை முடித்து, பம்பாய் ஐஐடியின் டிசைன் பள்ளியான ஐடிசியில் விஷுவல் கம்யூனிகேஷன் படித்தார். அங்கேயே தமிழ் எழுத்துவடிவங்களைப் பற்றி முனைவர் ஆய்வும் செய்தார். இந்திய ரூபாய்க்குக் குறி கேட்டு அரசு நடத்திய போட்டிக்கு 3,000க்கும் மேல் வரைவுகள் வந்தன. ஐந்து இறுதிக்கு வந்தன. 2010 ஜூலை 15 அன்று உதயகுமாரின் குறியை மத்திய அமைச்சரவை ஏற்றது. பரிசு இரண்டரை லட்சம் ரூபாய். அப்போது அவர் குவாஹாட்டி ஐஐடியில் ஆசிரியராகச் சேரும் தறுவாயில் இருந்தார்.

இவருடைய நிலை டேவிட்சனுக்கு நேர் மாறு. பெயர் குறியோடு சேர்ந்தே வெளியே வந்தது. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் படம். ஆனால் போட்டியில் நின்றது ஒரு நாளைய யோசனை இல்லை. தலைக்கோடு, அதன் கீழ் ஒரு வளைவு, தேவநாகரி 'ர'வும் ரோமன் 'ஆர்' எழுத்தும் ஒன்றில் ஒன்று கலந்த இடம் ஆகியவற்றைப் பார்த்தால், எழுத்துவடிவத்தில் வருடக்கணக்கில் உட்கார்ந்த கை என்று தெரியும். 2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட் இலச்சினையில் அந்தக் குறிக்குப் பதிலாக 'ரூ' வந்து பெரிய வாக்குவாதம் நடந்தபோது, தொலைக்காட்சிகள் மறுபடி அவரைத் தேடிப் போயின. ஒரு குறி வரைந்தால் அதன் அரசியலும் கூடவே வரும் போலிருக்கிறது, பதினைந்து வருடம் கழித்தும்.

மூன்று பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பிரபலமான குறி யாருக்கும் நேரடியாக அடுத்த வேலையைத் தந்ததாகத் தெரியவில்லை. டேவிட்சனை நைட் தொடர்ந்து அழைத்தது சார்ட் காலத்துப் பழக்கத்தால். ஆண்டர்சன் குறியை ஒதுக்கிவைத்தே வேலைக்குப் போனார். உதயகுமாருக்கு ஆசிரியர் வேலை அவருடைய ஆய்வால் வந்தது.

இதை வைத்து என் போர்ட்ஃபோலியோ

எனக்குச் சொந்த ஊர் சிவகாசி. விடுமுறையில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் உட்கார்ந்து வேலை பழகினேன். காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள், நோட்டு அட்டை, கல்யாணப் பத்திரிகை. அங்கே ஒரு டிசைன் யாருடையது என்ற கேள்வியே எழாது. போன வருடத்து ஃபைலைத் திறந்து நிறத்தை மாற்றுவோம். இன்னொருவர் எழுத்தை மாற்றுவார். பிளேட் போடுகிற அண்ணன், நிறங்கள் சேரும் இடத்தில் வெள்ளை தெரியாதபடி டிராப்பிங் சரிசெய்வார். அதனால் பிரஸ் வேலையைப் போர்ட்ஃபோலியோவில் வைப்பதே இல்லை என்று எங்கள் ஊர்ப் பையன்கள் பலர் முடிவெடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக, இல்லாத ஒரு காபிக் கடைக்கு லோகோ செய்து, அதைக் கப்பிலும் துணிப்பையிலும் ஒட்டி வைப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும்.

சென்னையில் ஓர் ஏஜென்சியில் வேலை பார்க்கும் சீனியர் அக்கா ஒருவரிடம் என் பிடிஎஃப்பைக் காட்டினேன். காபிக் கடைப் பக்கங்களை வேகமாகத் தள்ளினார். பட்டாசு லேபிளில் நின்றார்.

"தம்பி, இதுல நீ பண்ணது எது?"

"எழுத்தும் கீழே இருக்கிற பட்டையும், அக்கா. சாமி படம் பழைய ஃபைல்."

"அதை அப்படியே எழுதேன். ஏன் பட்டையை மாத்துனேன்னு எழுது. எத்தனை கலர்ல அச்சாச்சு, என்ன தாள்னு போடு."

அவர் கேட்ட எல்லாக் கேள்விகளும் லேபிளைப் பற்றித்தான். பழைய பட்டையில் கறுப்புக்குக் கீழே மூன்று நிறமும் முழுதாக இருந்ததால் மை காயாமல் அடுத்த தாளில் ஒட்டியது. அதனால் மையின் மொத்த அளவைக் குறைத்தேன். சின்ன வெள்ளை எழுத்து நாலு நிறத்தில் ரிஜிஸ்டர் விலகினால், அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால், அடைத்துக்கொள்ளும். அதனால் அதை ஒற்றை நிறப் பின்னணிக்கு நகர்த்தினேன். இதெல்லாம் பிரஸ்ஸில் யாரும் பேசாமல் செய்கிற காரியம். எழுதி வைத்தால், டேவிட்சன் டிஷ்யூ தாளை ஷூவின் மேல் வைத்ததுபோல, வேலை எங்கே போய் உட்காரும் என்று யோசித்ததற்கு அதுதான் சாட்சி.

இப்போது ஒவ்வொரு வேலைக்கும் ஒரே மாதிரியான விவரங்களைச் சேர்க்கிறேன். யார் கேட்டார்கள், என்ன கேட்டார்கள், எது கூடாது என்றார்கள், கெடு எப்போது, என் பங்கு எது, தள்ளிய வரைவுகள் எவை. தள்ளிய வரைவுகளை வைப்பது பற்றி நண்பர்களிடையே ஒற்றுமை இல்லை; கிளையன்ட் வேண்டாம் என்றதை ஏன் காட்டணும் என்கிறார்கள். நான் வைப்பேன். 'ஐ லவ் நியூயார்க்' என்ற இதய லோகோவுக்காக டிசைனர் மில்டன் கிளேசர் 1976இல் டாக்சியின் பின்சீட்டில் சிவப்பு கிரேயானால் கிறுக்கிய தாள், இன்று அந்நகரின் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் அந்த வேலைக்குப் பணமே வாங்கவில்லை. தாளைத் தூக்கிப் போடவும் இல்லை.

விலையையும் பிரித்துக்கொண்டேன். பிரஸ்ஸில் ஃபைல் சரிசெய்வது, அளவு மாற்றுவது, கரெக்ஷன் போடுவது எல்லாம் மணிக்கணக்கு. புதிதாக ஒரு பெயர்ப்பலகைக்கோ கடைக்கோ குறி வரைந்தால் முழு வேலைக்கு ஒரு தொகை. எத்தனை கரெக்ஷன், எங்கெல்லாம் பயன்படுத்தலாம், என் போர்ட்ஃபோலியோவில் வைக்க அனுமதி உண்டா என்பதெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியாக அனுப்பி, பதிலுக்கு 'ஓகே' வாங்கிவிட வேண்டும். இதை வக்கீல் வைத்து ஒப்பந்தம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஊர் பழக்கத்தில் இதைக் கேட்பதே கொஞ்சம் கஷ்டம். "தம்பி, நமக்குள்ள என்ன கணக்கு" என்று அண்ணாச்சி சொன்னால் அதற்கு மேல் பேச வாய் வராது. அவர் சொல்வது பாசத்தில்தான். அந்தப் பாசத்தைக் குறைக்காமல் செய்தியை அனுப்புவது எப்படி என்பதற்கு எந்த டிசைன் பள்ளியிலும் பாடம் இல்லை. நான் கண்டுபிடித்த வழி, விலைக்கு முன்னால் கெடுவைப் பேசுவது. 'எப்போ வேணும் அண்ணாச்சி' என்று தொடங்கினால் மற்றவை தானாக வரிசையில் வருகின்றன.

சொந்த லோகோ செய்வதை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். பெயர், போன் நம்பர், கீழே ஒரு வரி: அச்சுக்குப் போகும் தமிழ் எழுத்து வேலைகள், பேக்கேஜிங். ஆண்டர்சன் மாதிரி, போக விரும்பாத பக்கத்து வேலைகளையும் எடுத்துவிட்டேன். அதில் கல்லூரிக் கலைவிழா போஸ்டர்தான் கஷ்டமாக இருந்தது, எல்லாரும் பாராட்டியது என்பதால். டிசைனர்கள் வேலைகளைக் காட்டும் பிஹான்ஸ் இணையதளத்தில் அது இருக்கட்டும். பிடிஎஃப்பில் ஆறு வேலை மட்டும். ஆறில் நான்கு பிரஸ் வேலை, ஒன்று ஒரு பேக்கரியின் இனிப்புப் பெட்டி, ஒன்று நான் வரைந்துகொண்டிருக்கிற எழுத்துரு, அதுவும் உயிரெழுத்து வரைதான்.

இன்னும் முடிவாகாத ஒன்று, ஒரு காலண்டர். மூன்று பேர் சேர்ந்து செய்தது, மற்ற இருவரும் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறவர்கள், போர்ட்ஃபோலியோ வைத்திருக்காதவர்கள். அவர்கள் பெயரையும் போட்டு, யார் எதைச் செய்தார்கள் என்று எழுதலாமா என்று கேட்டிருக்கிறேன். ஒருவர் சரி என்றுவிட்டார். இன்னொருவர், தீபாவளி சீசன் முடியட்டும், பார்க்கலாம் என்றார்.